நிரூபணத்தின் உள்ளே இருக்கும் எடுகோள்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி கல்லூரியில் இயற்பியல் எடுத்ததில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. "இவ்வளவு பெரிய விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள் என்றால் நாம் என்ன கேட்க முடியும்?" என்று அவள் கேட்டதாக எழுதியிருந்தாய். ஒரே ஒரு வழக்கைக் கணக்கோடு எழுதுகிறேன். அவளிடம் கொடு.

1932-ல் ஜான் வான் நியூமன் குவாண்டம் இயற்பியலின் கணித அடித்தளம் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். அளவீட்டின் விடையை முன்கூட்டியே தீர்மானிக்கும், நம் கண்ணில் படாத அளவுகளான மறைமாறிகள் எதுவும் குவாண்டம் கோட்பாட்டின் கணிப்புகளோடு ஒத்துப்போகாது என்று அதில் ஒரு நிரூபணம் உண்டு. எழுதியவர் அந்த நூற்றாண்டின் தலைசிறந்த கணித மேதைகளில் ஒருவர். வான் நியூமனே நிரூபித்துவிட்டார் என்று சொல்லிப் பல பத்தாண்டுகள் இந்தப் பேச்சையே மூடிவிட்டார்கள். நிரூபணத்தின் படிகளில் பிழை இல்லை. கோளாறு அவர் எடுத்துக்கொண்ட எடுகோள் ஒன்றில், அதாவது நிரூபிக்காமல் ஏற்றுக்கொண்ட ஒரு விதியில் இருந்தது.

இரண்டு அளவுகளின் கூட்டுத்தொகைக்குச் சராசரி எடுத்தால், தனித்தனிச் சராசரிகளின் கூட்டுத்தொகை கிடைக்கும். குவாண்டம் கோட்பாட்டில் இது எப்போதும் சரி. வான் நியூமன் இதையே மறைமாறிகள் முழுதும் நிர்ணயித்த ஒவ்வொரு நிலைக்கும் விதியாக்கினார். அங்கே ஒவ்வோர் அளவீட்டிலும் ஒரே விடைதான் வரும், ஆகவே சராசரிதான் விடை. எனவே விடைகளும் அப்படியே கூட வேண்டும் என்றாகிவிடுகிறது.

எலக்ட்ரானின் தற்சுழற்சியை (ஸ்பின்) எடுத்துக்கொள். அதைக் காந்தத்தை வைத்து அளப்பதாக வைத்துக்கொள். கிடைத்திசையில் அளந்தால் +1 அல்லது −1. அதற்குச் செங்குத்தான திசையில் அளந்தாலும் அதே இரண்டு விடைகள்தான். இவ்விரண்டின் கூட்டுத்தொகை என்ற அளவை அறிய, காந்தத்தை நடுவில் 45 டிகிரியில் வைத்து, வரும் விடையை √2 ஆல் பெருக்க வேண்டும். கிடைப்பது +1.414 அல்லது −1.414. ஆனால் +1, −1 இவற்றை எப்படிக் கூட்டினாலும் 2, 0, −2 தவிர வேறு வராது. முரண்பாடு, ஆகவே மறைமாறிகள் இல்லை. நிரூபணத்தின் சாரம் இவ்வளவுதான்.

இப்போது ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்று பார். மூன்று அளவீடுகளுக்கும் காந்தத்தை மூன்று விதமாகத் திருப்ப வேண்டும். ஒரே எலக்ட்ரானில் மூன்றையும் ஒருசேரச் செய்ய வழியில்லை. தனித்தனி விடைகள் ஏன் கூட வேண்டும்? சராசரிகள் கூடினால் போதும், அவை கூடுகின்றன. கிடைத்திசையில் +1 என்று தயாரித்த எலக்ட்ரான்களில் அந்தத் திசைச் சராசரி 1, செங்குத்துத் திசையில் 0. 45 டிகிரியில் நூற்றுக்குச் சுமார் 85 எலக்ட்ரான்கள் +1.414, மீதி −1.414. சராசரி போட்டால் ஏறத்தாழ 1.

இந்த எடுகோளைக் கிரேட்டே ஹெர்மன் 1935-லேயே சுட்டிக்காட்டினார். கணித மேதை எம்மி நோதரிடம் முனைவர் பட்டம் பெற்றவர். எழுதியது சிறிய தத்துவ இதழ் ஒன்றில்; இயற்பியலாளர்கள் கவனிக்கவே இல்லை. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது. 1952-ல் இயற்பியலாளர் டேவிட் போம், முடியாது என்று சொல்லப்பட்ட அதே மறைமாறிக் கோட்பாட்டை உருவாக்கியே காட்டினார். இயற்பியலாளர் ஜான் பெல் இந்தக் குறையை விரிவாக அலசிய கட்டுரை 1966-ல் வந்தது.

தொலைவிலுள்ளதைப் பாதிக்காத மறைமாறிகளால் குவாண்டம் கணிப்புகள் எல்லாவற்றையும் தர முடியாது என்று சொல்லும் பெல்லின் தேற்றத்தையும் அவள் இதே கண்ணோடு பார்க்கட்டும். அதற்கும் எடுகோள்கள் உண்டு: ஓரிடத்து அளவீடு தொலைவிலுள்ள விடையை உடனே பாதிக்காது, காந்தத்தின் திசையைச் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கலாம். அவை சரியென்றால், இரண்டு இடங்களில் கிடைக்கும் விடைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் கொண்டு போடும் ஒரு குறிப்பிட்ட கூட்டுத்தொகை 2-ஐத் தாண்டக் கூடாது. குவாண்டம் கணிப்பு 2.83 வரை போகும். 1982-ல் பிரான்சில் அலேன் ஆஸ்பே குழு ஃபோட்டான்களை வைத்து அளந்து 2.697 பெற்றது. இங்கே தீர்ப்புச் சொன்னது அளவீடு. அதனால்தான் இதை நான் நம்புகிறேன்.

ஒன்றை அவளிடம் அழுத்திச் சொல். விஞ்ஞானிகளுக்கு ஒன்றும் தெரியாது என்று பேசுகிறவர்கள் யாரும் இந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கவில்லை. ஹெர்மனும் பெல்லும் கோட்பாட்டை அடிவரை கற்றவர்கள். முடியாது என்று யார் சொன்னாலும் எடுகோள்களை ஒரு தாளில் தனித்தனியே எழுத வேண்டும். பிறகு இரண்டே விடைகள் உள்ள எளிய உதாரணத்தில் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

மேலே உள்ள கணக்கைக் கிடைத்திசையிலிருந்து செங்குத்துத் திசையை நோக்கி 60 டிகிரி சாய்வில் தயாரித்த எலக்ட்ரான்களுக்குப் போடச் சொல். இரு திசைச் சராசரிகளைக் கூட்டினாலும், 45 டிகிரியில் நேரே சராசரி எடுத்தாலும் 1.366 வர வேண்டும். வராவிட்டால் தாளை அப்படியே எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராமநாதன்