பழைய பஸ் நிலையத்து மனையைப் பற்றி சுந்தாவுக்கு

அன்புள்ள சுந்தா,

உன் உறை ஆவணியில் வந்தது. கார்த்திகையில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். என் முழங்காலுக்கும் மாடிப்படிக்கும் மட்டும் பேச்சுவார்த்தை இல்லை.

பழைய பஸ் நிலையத்து மனையில் என்ன கட்டலாம் என்று நீ அனுப்பிய மூன்று வரைபடங்களையும் சாப்பாட்டு மேசையில் விரித்து, மூலைக்கொரு காபி டம்ளர் வைத்துப் பார்த்தேன். "நகராட்சி ஆணையர் வேலை எப்போது கிடைத்தது?" என்று கேட்டுவிட்டுப் போனாள் உன் தங்கை.

சங்கத்தில் பாதிப் பேர் வணிக வளாகம், பாதிப் பேர் பூங்கா, சந்தைக்கு நீயும் வாத்தியார் மகனும் மட்டும் என்கிறாய். கல்லூரித் தேர்தலில் நீ வாங்கியதைவிட ஒரு ஓட்டு அதிகம்தான்.

வளாகத்தின் படம் அழகு. முகப்பில் வரிசையாகப் பன்னிரண்டு மரங்கள். அடுத்த தாளைப் புரட்டினேன். அதே மரங்களுக்கு நேர் கீழே, தரைக்கடியில், கார்கள் நிற்கின்றன. வேர் எங்கே இறங்கும்? ஐப்பசி மழையில் அந்தப் பள்ளத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் நாம். அதைத்தான் இன்னும் ஆழமாகத் தோண்டப்போகிறார்கள். முப்பது வருடக் குத்தகையில், தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கு மின்கட்டணம் யார் தலையில் என்று ஒரு வரிகூட இல்லை. கூட்டத்தில் இதைக் கேள்.

பூங்காவுக்கு நான் எதிரி அல்ல. நாம் தோசை தின்ற உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் மூடிய பிறகு அந்த இடம் 2010-ல் செம்மொழிப் பூங்கா ஆனது, நல்ல நிழல். ஆனால் அது சென்னைப் பெருநகரத்துப் பூங்கா, வாசலில் டிக்கெட் உண்டு. உங்கள் நகராட்சி காவலாளிக்கும் தண்ணீருக்கும் எத்தனை வருடம் பணம் ஒதுக்கும்? எங்கள் தெருப் பூங்கா நண்பகலில் பூட்டிக் கிடக்கிறது, நிழல் வேண்டியிருக்கும் அதே நேரத்தில்.

ஆகவே சந்தைதான். கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தை 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனதை எடுத்துக்காட்டி உன்னை மடக்குவார்கள். அது மொத்த வியாபாரம். அந்தச் சந்துகளில் லாரிகள் திணறின, போனது சரிதான். உங்களுடையது கூடைச் சந்தை. கூடைக்காரிக்கு ஆள் நடமாட்டம்தான் முதல். கோவை வண்டிக்கு முன் அரை மணி நேரம் என்று நுழைந்து வண்டியைத் தவறவிட்டாயே, சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்து அந்த மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தது. கடைக்காரர்களுக்கு அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். போகிற போக்கில் நுழையும் உன்னைப் போன்ற ஆளை யார் கொடுப்பது?

ஆனால் உன் சந்தைத் திட்டத்திலும் எனக்குக் கோபம் உண்டு. எல்லாம் ஷட்டர் வைத்த கடைகள், ஏலம், முன்பணம். நான்கு பேர் மொத்தமாக எடுத்து உள்வாடகைக்கு விடுவார்கள். டைம் கீப்பர் அறைச் சுவரோரம் மல்லிகை கட்டும் பொன்னம்மாவுக்கு இந்த மூன்று தாள்களிலும் இடமில்லை. பாதித் தரையையாவது நாள் வாடகை மேடையாக விடச் சொல். ஒரு நாள் விடியற்காலையில் போய், அங்கே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணி எழுது. பஸ் போனபிறகும் உட்கார்ந்திருப்பவர்களைச் சொல்கிறேன்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. உன் தம்பியின் கடை எதிரே இருக்கிறது. அதற்காகத்தான் சந்தை கேட்கிறாய் என்று எவனாவது எழுந்து சொல்வான். அதற்கு முன் நீயே எழுந்து சொல்லிவிடு. எனக்கும் அந்தச் சந்தேகம் ஒரு நாள் வந்தது, மறைக்க விரும்பவில்லை.

வரைபடங்களைப் பென்சில் குறிப்புகளோடு திருப்பி அனுப்புகிறேன். பூங்காவின் நடுவே பழுப்பாகத் தெரியும் வட்டத்தைக் குளம் என்று நினைத்துவிடாதே. டம்ளர் தடம்.

அன்புடன்,
ராமு