பெப்டைடு ஊசியைப் பரிந்துரைக்கும் பயிற்சியாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்புக்குரிய உடற்பயிற்சிப் பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். என் தம்பிக்கு ஆறு மாதமாகத் தோள்பட்டை வலி. அவன் பெரிதும் மதிக்கிற பயிற்சியாளர் ஒருவர் பி.பி.சி-157 என்ற பெப்டைடு ஊசியைப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். "ஆராய்ச்சியில் நிரூபணமானது" என்றாராம். அந்த வார்த்தைக்காகத்தான் எழுதுகிறேன்.

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலினும் அந்த இனம்தான். 1922 முதல் உயிர் காத்து வருகிறது. ஆனால் இன்சுலின் சம்பாதித்த நம்பிக்கை அதன் உறவுக்காரர்களுக்கெல்லாம் தானாக வந்து சேராது.

எடை குறைக்கத் தரப்படும் பெப்டைடு மருந்தான செமாகுளுட்டைடைப் பாருங்கள். 2021இல் வெளியான ஆய்வில் 1,961 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்றதற்கு மருந்தில்லாத ஊசியும் 68 வாரம் கொடுத்தார்கள். தனக்குக் கிடைப்பது எது என்று யாருக்கும் தெரியாது. மருந்து கிடைத்தவர்களுக்குச் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தது. மற்றவர்களுக்கும் 2.4 சதவீதம் குறைந்தது! ஒப்பிட ஆளே இல்லாதிருந்தால் அதையும் மருந்தின் கணக்கில் எழுதியிருப்போம். தோள்வலியும் அப்படித்தான், பலருக்குக் காலப்போக்கில் தானே குறையும்.

சரி, பி.பி.சி-157க்கு என்ன இருக்கிறது? பெரும்பாலும் எலி ஆய்வுகள். அவற்றிலும் பெரும்பங்கு குரோஷியாவின் ஒரே குழுவிலிருந்து வந்தவை. மனிதர்களிடம் நடந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சிறு ஆய்வுகள். எலியின் அறுந்த தசைநார் சீக்கிரம் ஆறினால், மனிதர்களிடம் சோதிக்கக் காரணம் கிடைத்தது என்று பொருள். சோதித்தாயிற்று என்று பொருளல்ல. குப்பிகள் பலவற்றில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்றுதான் அச்சிட்டிருக்கிறது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022 முதல் இதைத் தடை செய்திருப்பதால், போட்டிக்குப் போகிற பிள்ளைகளுக்குத் தொழிலே போய்விடும்.

மனிதர்களிடம் நல்ல பலன் தெரிந்தாலும் அவசரப்பட முடியாது. இதயச் செயலிழப்புக்கான நெசிரிடைடு என்ற பெப்டைடுக்கு 2001இல் அமெரிக்கா அனுமதியே கொடுத்தது. அப்புறம் 7,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து 2011இல் முடிவு வந்தபோது, அது மரணத்தையும் குறைக்கவில்லை, மீண்டும் மருத்துவமனையில் சேருவதையும் குறைக்கவில்லை. ரத்த அழுத்தம்தான் அதிகம் பேருக்கு அளவுக்கு மீறி இறங்கியது.

ஆகவே, ஆராய்ச்சி என்று சொல்லும்போது எலியிலா மனிதரிலா, எத்தனை பேரிடம், எதோடு ஒப்பிட்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் ஊசியைப் பற்றிப் பேசாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

தம்பி இன்னும் ஊசி போடவில்லை. நான் சொன்னால் கேட்க மாட்டான். நீங்கள் சொன்னால் கேட்பான்.

இப்படிக்கு,
ஓர் அக்கா