செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: ஒரு வால்வு ஆம்ப், ஒரு மும்பைப் பயணம், ஓர் இரங்கல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மாடிப்படி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கும் மூத்த உறுப்பினர்களே, கடைசி வரிசையில் கிட்டாரை உறையிலிருந்து எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் மாலை வணக்கம்.

2024 ஆகஸ்ட் முதல் 2025 ஜூலை வரை நமது பெரம்பூர் கிட்டார் ஆர்வலர் சங்கம் செய்ததையும் செய்யத் தவறியதையும் உங்கள் முன் வைக்கிறேன். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துக்கு வேண்டியது கணக்கும் தீர்மானமும். மற்றதெல்லாம் நானாகச் சேர்த்தது. தலைவர் மணியடித்தால் நிறுத்திக்கொள்கிறேன்.

உறுப்பினர்கள் 43 பேர். போன வருடம் 38. புதிதாக வந்த ஐந்து பேரில் மூன்று பேர் பெண்கள். அதில் ஒருவர் பின்னணியில் நின்று தாழ்ந்த சுரம் பிடிக்கும் பேஸ் கிட்டார் வாசிக்கிறார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி, ஏனென்றால் இங்கே எல்லோருக்கும் சோலோ வாசிக்கத்தான் ஆசை. மாதக் கடைசி சனிக்கிழமைக் கூட்டம் பன்னிரண்டில் பதினொன்று நடந்தது. நடக்காதது நவம்பர் 30. அன்று ஃபெஞ்சல் புயல். மண்டப வாடகை மட்டும் புயலைப் பொருட்படுத்தாமல் வசூலிக்கப்பட்டது.

இனி அந்த ஆம்ப் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பலவிதமாகப் பேசப்படுவதால் நடந்ததை அப்படியே பதிவு செய்கிறேன்.

நம் உறுப்பினர் ஒருவரின் மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போது, பழைய 15 வாட் வால்வு ஆம்ப் ஒன்றை, அதாவது கண்ணாடி வால்வு வைத்துக் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியை, சுமந்து வந்து சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். செப்டம்பர் 28 கூட்டத்தில் அதைத் திறந்தோம். பின்பக்கம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தது. அதைப் படிக்க வேண்டியவர் செயலாளர். செயலாளர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். நம் சுவரில் வருவது 230 வோல்ட். போட்டதும் ஃபியூஸ் போயிற்று. அத்தோடு விட்டிருந்தால் 20 ரூபாயில் முடிந்திருக்கும். யாரோ ஒருவர் சிகரெட் அட்டைக்குள் இருக்கும் வெள்ளித்தாளை ஃபியூஸில் சுற்றி மறுபடி போட்டார். டிரான்ஸ்பார்மரிலிருந்து வார்னிஷ் கருகும் வாசனை வந்தது. அந்த ‘யாரோ’ இப்போது இந்த அவையில்தான் இருக்கிறார். சந்தாவை ஒழுங்காகக் கட்டியிருப்பதால் பெயர் சொல்லவில்லை.

புது மாதிரி ஆம்ப் ரிப்பேர் செய்கிறவர்கள் இரண்டு பேர் வால்வு என்றதும் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில், மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் கொண்டுபோனோம். எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது. பின்பலகையைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

“இது ரேடியோதானே தம்பி?”

கிட்டார் ஆம்ப் என்று சொன்னோம்.

“எதுவா வேணா இருக்கட்டும். இது இ.எல். 84. அந்தக் காலத்துப் பெரிய ரேடியோ செட்டுல கடைசி வால்வு இதுதான். இந்தச் சின்னது இ.சி.சி. 83. நான் சின்ன வயசுல ஒரு நாளைக்குப் பத்து மாத்தியிருக்கேன்.”

நாம் 12 ஏ.எக்ஸ். 7 என்று பெரிய ரகசியம்போலச் சொல்லிக்கொண்டிருந்த வால்வுக்கு ஐரோப்பியப் பெயர்தான் இ.சி.சி. 83. அமெரிக்கப் பெயரை அவர் கேட்டதே இல்லை. வால்வின் குணமெல்லாம் அத்துப்படி. ஸ்விட்சை அணைத்து, ஒயரைப் பிடுங்கி வைத்த பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும் என்று சொல்லி, ஒரு ரெசிஸ்டரை வைத்து அதை மெல்ல வடித்தார். அப்போது இடது கையை வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். “இரண்டு கையும் உள்ள இருந்தா கரண்ட் நெஞ்சு வழியாப் போகும்” என்றார். என்னோடு வந்த உறுப்பினர் உடனே தன் கையையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். அவர் ஆம்பைத் தொடவே இல்லை.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய டிரான்ஸ்பார்மருக்கு இரும்பு போதாது, சூடேறும் என்று சொல்லி, சற்றுப் பெரிய இரும்பில் 230 வோல்ட்டுக்குப் புதிதாகச் சுற்றிப் போட்டார். மொத்தம் 4,800 ரூபாய். தீபாவளிக்கு முந்தைய கூட்டத்தில் அதைக் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கேட்காதவர்களுக்குச் சொல்கிறேன்: மெதுவாக மீட்டினால் மணி அடித்ததுபோலச் சுத்தமாக வருகிறது, அதே இடத்தில் அழுத்தி மீட்டினால் தொண்டை கரகரக்கிறது. சத்தத்தை மாற்றும் பெடலை மிதிக்காமல், குமிழைத் திருகாமல், வலது கையின் அழுத்தத்திலேயே இரண்டும் நடக்கிறது. கணினிக்குள் மென்பொருளாக நூறு ஆம்ப் வைத்திருக்கும் நம் இளைய உறுப்பினர்கூட அரை மணி நேரம் பேசாமல் வாசித்தார்.

அதன் பிறகுதான் இன்னொரு குட்டு வெளிப்பட்டது. கம்பியில் கை வைத்தபடி மைக்கில் பாடினால் உதட்டில் சுரீர் என்றது. மண்டபத்தில் எர்த் என்று ஒன்று இல்லவே இல்லை. எலெக்ட்ரீஷியனை வைத்து, கொல்லையில் பள்ளம் தோண்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டிக் குழாய் இறக்கினோம். 6,500 ரூபாய். இப்போது உதடு பத்திரம், இரைச்சலும் பாதிக்கு மேல் போய்விட்டது. கோடையில் அந்தக் குழியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். யாரும் முன்வராததால் நானே ஊற்றுகிறேன்.

மழைக்காலத்தில் ஆறு அகூஸ்டிக் கிட்டார்கள் ‘வாசிக்க முடியவில்லை’ என்று வந்தன. நம் ஊர் ஈரத்தில் மேல்பலகை ஊதிக்கொள்ளும், கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் மேலேறும், கம்பி விரலுக்கு எட்டாத உயரத்துக்குப் போகும். ஆறில் நாலு, கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கால் சுற்று திருகியதும் சரியாயின. உறைக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள், வாசித்ததும் கம்பியைத் துணியால் துடையுங்கள் என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். பெடல் வாங்க 12,000 ரூபாய் இருக்கிறது, கம்பி மாற்ற 600 ரூபாய் இல்லை. இது பொருளாளரைக் குறித்துச் சொன்னதல்ல.

நாம் விரல் வைக்கும் பலகை பெரும்பாலும் ரோஸ்வுட் என்கிறோம். அதில் இந்திய ரோஸ்வுட் என்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வார்கள். 2017இல் அந்த மர வகை முழுவதற்கும் உலக அளவில் வணிகக் கட்டுப்பாடு வந்தபோது, பெரிய கம்பெனிகளே வேறு மரத்துக்குத் தாவின. 2019இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்குத் தளர்த்தினார்கள். நீலகிரிப் பக்கத்து மரம் கப்பலேறிப் போய், ஐந்து மடங்கு விலையில் நம்மிடமே திரும்பி வருவதை ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுப்புகிறார். பதிவு செய்துவிட்டேன், ஐயா.

கச்சேரிகள். பிப்ரவரி 5 அன்று நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் ஆங்கிலப் பாடகர் எட் ஷீரன் பாடியதற்கு நம் இளையவர்கள் ஒன்பது பேர் போனார்கள். ஏ.ஆர். ரஹ்மான் மேடைக்கு வந்ததைப் பற்றி இன்னும் பேசி முடிக்கவில்லை. சின்னக் கிட்டார் ஒன்று, காலடியில் லூப் பெடல்; வாசித்ததையே அங்கேயே பதிந்து சுற்றவிட்டு அதன்மேல் வாசிக்கிறார். இது பேண்டா என்று அடுத்த கூட்டத்தில் விவாதம் நடந்தது. “நாலு பேர் சம்பளத்தை மிச்சம் பிடிச்சிட்டாரு” என்று ஒருவர் சொன்னதோடு அது முடிந்தது. தாளம் தவறினால் அந்தத் தவறும் சேர்ந்து சுற்றிச்சுற்றி வரும் என்பதை, லூப் பெடலை இரவல் வாங்கி முயன்ற நமது துணைத் தலைவர் நிரூபித்தார்.

மும்பை மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்தில் மே 17 அன்று நடந்த அமெரிக்க ராக் குழு கன்ஸ் அண்ட் ரோசஸ் கச்சேரிக்கு நாலு பேர் சொந்தச் செலவில் போனோம். சங்கப் பணம் ஒரு ரூபாயும் இல்லை, தணிக்கையாளர் குறித்துக்கொள்ளலாம். நம்மில் பலருக்குப் பழைய பேண்ட் என்றாலே பெங்களூருக்கு ராத்திரி பஸ். 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன், 2011 அக்டோபரில் மெட்டாலிக்கா, இரண்டுமே அரண்மனை மைதானம். 2012இல் இதே கன்ஸ் அண்ட் ரோசஸ் இந்தியா வந்தபோது அதன் கிட்டார் கலைஞர் ஸ்லாஷ் அதில் இல்லை. அவர் 2016இல்தான் திரும்பிச் சேர்ந்தார். ஆகவே இது எங்களுக்குப் பாக்கி இருந்த கணக்கு. மாதுங்காவில் இட்லி சாப்பிட்டுவிட்டு, லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஸ்லாஷ் ஒரு தொப்பி, தொப்பிக்குக் கீழே ஒரு லெஸ் பால் கிட்டார், அவ்வளவுதான். விரலைத் திரையில்தான் பார்த்தோம். பாடகர் ஆக்ஸல் ரோஸுக்கு அன்று 63 வயது. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது குரல் மெலிகிறது. ஒளித்து என்ன பயன். அந்த இடங்களில் கூட்டம் பாடிக்கொண்டது. ஸ்லாஷின் இடது கைக்கு மட்டும் வயதான அறிகுறியே தெரியவில்லை. ஒரு சுரத்தைப் பிடித்து இழுத்து, உச்சியில் நிறுத்தி ஆட்டுகிறாரே, அந்த அசைவு அவசரமே படுவதில்லை. நாம் எல்லோரும் அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஆட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

திரும்பும் ரயிலில் ஒருவர், “வயசாச்சு, குரல் ஏறல, அதான் கம்பியை அரை ஸ்வரம் இறக்கிட்டாங்க” என்றார். அது தவறு. 1987இல் வந்த முதல் ஆல்பத்திலேயே அவர்கள் ஈ ஃபிளாட்டில்தான், அதாவது வழக்கத்தைவிட அரை ஸ்வரம் கீழேதான், சுருதி வைத்தார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஆல்பத்தில் ஸ்லாஷ் வாசித்த லெஸ் பால், அந்த மாடலுக்குச் சொந்தக்காரரான கிப்சன் கம்பெனியில் செய்ததே அல்ல. கிறிஸ் டெரிக் என்ற கைவினைஞர் செய்த நகல். இதைச் சொன்ன மறு கூட்டத்தில், கொல்கத்தாவில் செய்த தன் கிட்டாரின் தலையில் பெயரை மறைத்து இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்த நம் உறுப்பினர் அந்த டேப்பை உரித்துவிட்டு வந்தார். பசை மட்டும் இன்னும் போகவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 26 கூட்டம் இரங்கல் கூட்டமாக அமைந்தது. பிளாக் சபாத் ராக் குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் ஜூலை 22 அன்று 76 வயதில் மறைந்தார். அதற்குப் பதினேழு நாள் முன்புதான், பர்மிங்காமில் தான் வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே இருக்கும் வில்லா பார்க் மைதானத்தில், பார்க்கின்சன் நோயோடு நாற்காலியில் அமர்ந்தபடி பாடி விடைபெற்றிருந்தார். பிளாக் சபாத்தின் முதல் நாலு பேரும் இருபது ஆண்டுக்குப் பின் ஒன்றாக மேடையில் நின்றது அன்றுதான்.

ஒரு நிமிட மௌனத்துக்குப் பின் பேச்சு அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி பக்கம் போனது. பதினேழு வயதில், தகரத் தொழிற்சாலையில் கடைசி நாள் வேலையில், இயந்திரத்தில் சிக்கி வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. அவர் இடதுகைக்காரர், ஆகவே கம்பியை அழுத்தும் விரல்களே அவை. சோப்புத் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். மெல்லிய கிட்டார் கம்பி அன்று கடையில் இல்லை என்பதால் பான்ஜோ கம்பியை மாட்டினார். பிறகு கம்பியின் இழுவையைக் குறைக்கச் சுருதியையும் இறக்கினார்; 1971இல் வந்த மூன்றாம் ஆல்பத்தில் சில பாடல்கள் மூன்று அரை ஸ்வரம் கீழே இருக்கின்றன. அந்தக் கனத்த சத்தத்தை உலகம் முழுக்க இன்று பெடல் பெடலாக விற்கிறார்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஐ.சி.எஃப். ஐயா எழுந்தார். “ஷீட் வெட்டுற மிஷின் பக்கத்துல முப்பத்து நாலு வருஷம் நின்னிருக்கேன். விரல் போனவங்க திரும்ப வேலைக்கு வந்தாலே பெரிய விஷயம்” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அப்புறம் யாரும் பேசவில்லை. அவரே ஆம்பை ஆன் செய்து, சுருதியை இறக்கி, அந்தக் காலத்து மெதுவான ரிஃப் ஒன்றை, திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துண்டை, வாசித்தார். கீழ்வீட்டு அம்மா மாடியேறி வரும் வரை வாசித்தார். அந்த அம்மா கேட்டது, “யார் செத்தது?” என்றுதான்.

வரவு செலவு. தொடக்க இருப்பு 18,350 ரூபாய். சந்தா ஆளுக்கு 1,200 வீதம் 41 பேரிடம் 49,200. மண்டப வாடகை 24,000, எர்த் வேலை 6,500, ஆம்ப் பழுது 4,800, கம்பி, கேபிள், சிலிக்கா ஜெல் வகையில் 7,130. கையிருப்பு 25,120. சந்தா பாக்கி இருவர். இருவரும் முன் வரிசையில் இருக்கிறார்கள்.

முன்வைக்கும் தீர்மானங்கள் இரண்டு. கூட்டத்துக்கு வருகிறவர்கள் வீட்டிலேயே சுருதி சேர்த்துக்கொண்டு வர வேண்டும். நாற்பது நிமிடம் அதற்கே போகிறது. ஆம்பின் பின்புறம் ‘230 வோல்ட்’ என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுத வேண்டும். எழுதும் செலவைச் செயலாளர் ஏற்றுக்கொள்கிறார்.

இறுதியாக, ட்ரஸ் ராட் திருகும் சங்கத்து ஆலன் கீ ஜனவரியிலிருந்து காணவில்லை. இரவல் எடுத்துப்போனவர் இன்றைக்கே மேஜைமேல் வைத்துவிட்டால் யார் என்று பார்க்க மாட்டேன். எப்படியும் கண்ணாடி இன்றும் வீட்டில்தான் இருக்கிறது.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்