தஞ்சாவூர் போய் வந்தோம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி ரொம்ப நேரம் கண் விழிக்காதே.

ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் போய் வந்தோம். அத்தான் காரில் போகலாம் என்றார். பாப்பாதான் ரயில், ரயில் என்று ஒரே பிடியாய் நின்றாள். திருச்சி ஜங்ஷனில் ஏறினால் திருவெறும்பூர், பூதலூர் தாண்டி ஏறக்குறைய ஒரு மணி நேரம்தானே. எனக்கு ஜன்னலோரம் பிடித்துக் கொடுத்தது, அப்பாவுக்கு மாத்திரை, தண்ணீர், துண்டு எடுத்து வைத்தது, எல்லாம் உன் அக்காதான். "மாமா இந்த ரயில்ல வந்திருக்காங்களா?" என்று பாப்பா வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், யார் அந்த மாமா என்று விசாரித்தார். நான் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டாள். "என் தம்பி. பெரிய பொறுப்புல இருக்கான்" என்றாள். நீ கேட்டிருக்க வேண்டும், அவள் சொன்ன விதத்தை.

பெரிய கோயிலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விமானம் 216 அடி என்று நீ ஐந்தாம் வகுப்பில் மேடையேறிச் சொன்னபோது அப்பா கண் கலங்கினாரே. இந்தத் தடவை எனக்குக் கழுத்து வலி, அண்ணாந்து பார்க்க முடியவில்லை. கீழே சுவரில் வெட்டியிருக்கிற எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கல் தகித்தது, விரிப்பை விட்டு இறங்கினால் பாதம் பொத்துப்போகும். பாப்பாவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஓர் எழுத்தின் பள்ளத்துக்குள் விரலை விட்டு ஓட்டிக்கொண்டே போய், "அம்மாச்சி, யாருமே புள்ளி வைக்கலை" என்றாள். அந்தக் காலத்துக் கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி வைக்கிற வழக்கமில்லை என்று அப்பா சொல்லிக் கொடுத்தார்.

பிறகுதான் அந்தச் செய்தியைச் சொன்னார். நாம் கொடுத்ததும், அக்கன் கொடுத்ததும், நம் பெண்டுகள் கொடுத்ததும், மற்றவர்கள் கொடுத்ததும் கல்லில் வெட்டுக என்றானாம் ராஜராஜன். தான் கொடுத்ததற்கு அடுத்தபடி அக்காள். தேவிமார்கூட அதற்குப் பிறகுதான். அந்தக் குந்தவை, அப்பா சுந்தர சோழருக்கும் அம்மாவுக்கும் செப்புத் திருமேனி செய்து வைத்ததும் கல்லில் இருக்கிறதாம். 1010-இல், தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள் கலசம் கொடுத்தான் என்று நாள்கூட விடாமல் குறித்தவன், அக்காள் கொடுத்ததை விடுவானா?

நான் கோயிலில் பார்த்ததைத்தான் எழுதுகிறேன், தம்பி. ஆனாலும் ஒன்று. உன் மூன்றாம் வருஷ ஃபீஸ் எங்கிருந்து வந்தது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. சொல்லக் கூடாது என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். சித்தி மகள் கல்யாணத்தில் அவள் ஏன் வெறுங்கழுத்தாய் நின்றாள் என்று ஊரே கேட்டது. நீ கேட்கவில்லை. அப்போது உனக்குப் பரீட்சை, உன்மேல் குற்றமில்லை.

மனை விஷயத்தில் யார் பேசியது நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆடியில் பேசிய பேச்சு ஆடியோடு போகட்டும். அத்தானும் அன்றைக்கு அப்படிக் குரலை உயர்த்தியிருக்க வேண்டாம், அதை அவரிடமே சொல்லிவிட்டேன். நீ என் பிள்ளை, உனக்குச் சொல்ல வேண்டியதை உனக்குத்தானே சொல்ல முடியும்?

மத்தியானம் சரஸ்வதி மகாலுக்கும் போனோம். அப்பா சுவடிகளை விட்டு நகரவே இல்லை. எனக்கு மனசு அங்கே இல்லை. திரும்பும்போது ரயிலில் நல்ல கூட்டம், பாப்பா அக்கா மடியிலேயே தூங்கிவிட்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். வருகிற வெள்ளிக்கிழமை பாப்பாவுக்குப் பிறந்தநாள். எனக்குப் போன் போட்டு, அவளிடம் கொடுங்கள் என்று சொல்லாதே. அக்கா நம்பருக்கே போடு. பழைய நம்பர்தான், மாற்றவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவள் வீட்டில்தான் இருப்பாள்.

அன்புடன்,
அம்மா