கன்னத்தில் கிடந்த எலும்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கமுங்க. போன ஞாயிறு இணைப்பில், மச்சத்துக்குள் கல் மாதிரி உறுத்துகிறது என்று ஒரு பெண் கேட்டிருந்தார். 'மச்சத்தில் எலும்பா முளைக்கும்? மனப்பிரமையை விடுங்கம்மா' என்று பதில் போட்டிருந்தீர்கள். நல்ல நகைச்சுவை. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

என் இடது கன்னத்து மச்சத்தின் அடியிலும் நாலைந்து வருடம் அப்படித்தான் நெருடியது, கம்பஞ்சோற்றில் கல் கடிபட்ட மாதிரி. வீட்டில் எனக்கும் பிரமைப் பட்டம்தான். கடைசியில் கோயம்புத்தூரில் வெட்டியெடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள். சாதாரண மச்சம், அதற்குள் நிஜமான எலும்பு என்று ரிப்போர்ட் வந்தது. 1911-லேயே நான்டா என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதி வைத்த சங்கதியாம். அபூர்வம்தான், ஆனால் கெடுதல் இல்லை. பெரும்பாலும் முகத்து மச்சத்தில், அதுவும் பெண்களுக்கு அதிகம் பார்த்திருக்கிறார்கள். முடிக்கால் புண்ணாகி ஆறிய இடத்தில் இப்படி எலும்பு உண்டாகலாம் என்கிறார்கள். 'ஏனுங் டாக்டர், தாடையிலிருந்து கிளை விட்டதுங்களா?' என்று கேட்டேன். தாடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, தோலுக்குள்ளேயே உண்டானது என்றார். ஆசிரியருக்குத் தெரியாததா!

தெரியாமலா வாராவாரம் மச்ச பலன் போடுகிறீர்கள்? கன்னத்து மச்சம் யோகமாம், என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அதைச் சொல்லியிருக்கலாம். சில வருடம் முன்பு, சுண்ணாம்பையும் சோடா உப்பையும் குழைத்து வைத்தால் மச்சம் உதிரும் என்று வீட்டுக்குறிப்பு போட்டீர்கள். எங்கள் நங்கையா நம்பி வைத்து, கன்னம் வெந்து, தழும்பு இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்கு நான் எழுதிய கடிதம் வரவே இல்லை. ஈரோட்டு மஞ்சள் விலையில் ஒரு சைபரை முழுங்கினீர்களே, அதற்கும் திருத்தம் மூலையில் ரெண்டு வரிதான்.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். அதே பக்கத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு திருத்தம் போடுங்கள். மச்சம் கெட்டியானால் தோல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். நிறமோ வடிவமோ மாறினால், ஓரம் தாறுமாறானால், 6 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்தால், ரத்தம் கசிந்தால் தள்ளிப்போட வேண்டாம். வெட்டியெடுத்ததைக் குப்பையில் போடாமல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கடிதத்தைச் சுருக்குவதானால் நான்டாவை எடுத்துவிடுங்கள். சுண்ணாம்பை எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருத்தி,
கோபிசெட்டிபாளையம்.