"அடுத்த பாடம், உட்கார்"

அன்புள்ள மலருக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, பாப்பா வகுப்பில் டம்ளர் மேல் அட்டையும் அட்டை மேல் நாணயமும் வைத்துச் சுண்டிக் காட்டினார்கள் என்றாய். அந்தச் சோதனை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அட்டை பறக்கும், நாணயம் உள்ளே விழும், பிள்ளைகள் கை தட்டுவார்கள். நிறை கூடினால் நிலைமமும், அதாவது இருக்கும் நிலையை விட மறுக்கும் பிடிவாதமும், கூடும் என்பது மட்டும் கைக்குத் தெரியாது.

அதற்காகத்தான் நான் டின் கட்டினேன். 1997, உன் ஒன்பதாம் வகுப்பு. உத்திரத்திலிருந்து இரண்டு பால் பவுடர் டின் தொங்கும். ஒன்று காலி, இன்னொன்றில் விளிம்பு வரை ஆற்று மணல். கண்ணைக் கட்டிவிட்டு ஒரே விரலால் தள்ளச் சொல்வேன். எடையைக் கயிறு தாங்கிக்கொள்கிறது, விரலுக்குத் தூக்கும் வேலையே இல்லை. இருந்தும் காலி டின் தொட்டதும் ஓடும். மணல் டின் விரலை மடக்கிவிட்டு, யோசித்து, மெதுவாகக் கிளம்பும். ஓடிவருவதை நிறுத்தச் சொன்னாலும் அதே கதைதான்.

அன்று நீ எழுந்து "சார்" என்றாய். வகுப்பில் அப்பா என்று கூப்பிடக் கூடாது என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். "மணல் டின்னைத் தள்ளுறதே கஷ்டமா இருக்கு. ஆனா ரெண்டையும் ஒரே அளவு இழுத்து விட்டா, ஒண்ணாத்தானே சார் போய்ட்டு வருது?" இடைவேளையில் ஆட்டிப் பார்த்திருக்கிறாய். நான் "அது அடுத்த பாடம், உட்கார்" என்றேன். அடுத்த பாடத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. எனக்குப் பதில் தெரியவில்லை. அதுவும் பெற்ற பெண்ணே கேட்கிறாள். நீ உட்கார்ந்துவிட்டாய். வீட்டுக்கு வந்தும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் போன வாரம் ஹார்டுவேர் கடையில் ஒரு ஆக்ஸா பிளேடு, இரும்பு அறுக்கும் ரம்பத் தகடு, வாங்கினேன். 20 சென்டிமீட்டர் வெளியே நீட்டியிருக்கும்படி மேசை விளிம்பில் இறுக்கினேன். தகடு நெட்டுக்குத்தாக நின்றால்தான் பக்கவாட்டில் ஆடும். படுக்கவைத்தால் மேலும் கீழும் குதிக்கும், காரியம் கெடும். நுனியில் 50 கிராம் எடைக்கல்லை டேப் போட்டுச் சுற்றி, இழுத்து விட்டேன். விநாடிக்கு மூன்று தரம் ஆடுவதை யார் எண்ணுவது? அம்மா போனில் வீடியோ எடுத்துத் தந்தாள், நிதானமாக ஓட்டி எண்ணினோம். 20 ஆட்டத்துக்கு ஏறக்குறைய 7 விநாடி. 200 கிராம் கட்டினால் 14 விநாடிக்குச் சற்றுக் கூட. நான்கு மடங்கு நிறை, இரண்டு மடங்கு நேரம். கணக்குப்படி நேரம் நிறையின் வர்க்கமூலத்தைப் போலத்தான் கூட வேண்டும், நான்குக்கு இரண்டு வந்துவிட்டது!

சரி, கயிற்றில் மட்டும் ஏன் இரண்டும் ஒன்றாகப் போய்வந்தன? பிளேடை வளைத்தால் அது திருப்பி இழுக்கும் இழுப்பு பிளேடுடையது. நுனியில் கட்டியிருப்பது 50 கிராமா 200 கிராமா என்பது அதற்குப் பொருட்டில்லை. அதனால் கனமானது தாமதிக்கிறது. கயிற்றில் தொங்கும் டின்னைத் திருப்பி இழுப்பது பூமி. நிறை நான்கு மடங்கானால் பூமியின் இழுப்பும் நான்கு மடங்கு. நகர மறுக்கும் பிடிவாதம் எவ்வளவு கூடுகிறதோ, அதே அளவுக்கு இழுப்பும் கூடிவிடுகிறது. உன் விரல் மட்டும் பூமி மாதிரி ஆள் பார்த்து இழுக்கத் தெரியாதது. அதனால்தான் அது மடங்கியது.

இதில் நான் வெட்கப்பட இன்னொன்றும் உண்டு. 1687-இல் அச்சான தன் புத்தகத்தில் நியூட்டன் இதே சோதனையை எழுதிவைத்திருக்கிறார். ஒரே அளவான இரண்டு மரப்பெட்டிகள், 11 அடி நூல். ஒன்றில் மரத்துண்டு, இன்னொன்றில் தங்கம், வெள்ளி, ஈயம், கண்ணாடி, உப்பு, தண்ணீர், கோதுமை என்று ஒவ்வொன்றாக. மணலும் போட்டுப் பார்த்திருக்கிறார். எல்லாம் சேர்ந்தே ஆடின. இடைவேளையில் நீ செய்ததும் அந்த வகைதான்.

பிளேடு வேலை விளையாட்டில்லை என்று பாப்பாவிடம் சொல். 1973-இல் ஸ்கைலாப் விண்கலத்தில் இருந்தவர்கள் தராசு உதவாத இடத்தில் இப்படித்தான் தங்கள் நிறையைப் பார்த்துக்கொண்டார்கள். சுருள்வில் பொருத்திய இருக்கையில் உட்கார்ந்து ஆடி, ஆட்ட நேரத்திலிருந்து கணக்குப் போடுவார்கள்.

பிளேடை இன்னும் கழற்றவில்லை. காய் நறுக்க மேசை வேண்டும் என்று அம்மா முனகுகிறாள். பள்ளி லீவு எப்போது விடுகிறார்கள் என்று எழுது, அதுவரை சமாளிக்கிறேன். பல் பக்கம் டேப் ஒட்டிவிட்டேன், பாப்பா கையைக் கிழிக்காது.

அன்புடன்,
அப்பா