திருப்பணி நிறைவு அறிக்கை: தேவிபட்டினம் யாத்ரிகர் விடுதியின் தீயணைப்பு நீர்க்குழாய்

உறுப்பினர்களுக்கு வணக்கம். கடலுக்குள் நிற்கும் நவகிரகங்களான நவபாஷாணத்தில் பரிகாரம் செய்ய வருவோர் தங்கும் நம் விடுதியில், தரைத்தளமும் மேலே நான்கு தளமுமாக 17 மீட்டர் உயரத்துக்கும் தீயணைப்புக் குழாய் பதித்தாயிற்று. வரவு செலவுப் பட்டியல் தனியே வருகிறது. எதை, ஏன் அப்படி வைத்தோம் என்பது மட்டும் இங்கே.

மொட்டை மாடியில் 25,000 லிட்டர் தொட்டி இருக்க, பம்பு எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். 10 மீட்டர் உயரத் தண்ணீர் தருவது 1 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தம். நான்காம் தளத்தில் ஹோஸ் மாட்டும் வால்வுக்கு மேலே தொட்டி நீர்மட்டம் 4 மீட்டர்தான். அந்த 0.4 கிலோ வாளி நிரப்பக் காணும். தீயணைப்பு வீரர் பிடிக்கும் ஹோஸுக்கு வால்விலேயே 3.5 கிலோ வேண்டும். ஆகவே நிமிடத்துக்கு 900 லிட்டர் தள்ளும் பம்பு மாடியில் வைத்தோம். அது ஓடும்போது தரைத்தள வால்வில் 5.2 கிலோ வரை ஏறும். 7 கிலோவைத் தாண்டாதவரை ஹோஸ் கைக்கு அடங்கும். பம்புக்கான மின்கம்பியை மெயின் சுவிட்சுக்கு முன்பே தனியாகப் பிரித்திருக்கிறோம். தீ என்றதும் எவரும் முதலில் அணைப்பது மெயினைத்தான்.

மாடித் தொட்டி 28 நிமிடத்துக்குள் காலியாகிவிடும். ராமநாதபுரத்திலிருந்து 15 கிலோமீட்டர் ஓடி வரும் தீயணைப்பு வண்டியிலோ பொதுவாக 4,500 லிட்டர். அதே வேகத்தில் 5 நிமிடம். அதனால் வாசலருகே 50,000 லிட்டர் சம்ப். கடல் எதிரேதானே இருக்கிறது என்பார்கள். நம் கரையில் கடல் ஆழமில்லை. உறிஞ்சுகுழாயின் சல்லடை நன்றாக முங்காவிட்டால் காற்றை இழுத்துப் பம்பு நின்றுபோகும். வண்டியும் மணலில் புதையும். உப்பு நீர் ஓடிய பம்பையும் குழாயையும் நல்ல தண்ணீரில் கழுவியும் ஆகவேண்டும். சம்பை நிரப்பக் காவிரிக் கூட்டுக் குடிநீரும் லாரித் தண்ணீரும்தான். ஊர் போர்வெல் நீர் வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

வண்டி வந்தால் நடப்பது இது. சம்பிலிருந்து உறிஞ்சி, வாசல் சுவரில் இருக்கும் இரட்டை வாய் இணைப்பில் இரண்டு 63 மி.மீ. ஹோஸ்களை மாட்டித் தள்ளுவார்கள். நான்காம் தளத்தில் 3.5 கிலோ கிடைக்க, உயரத்துக்கு 1.4, உராய்வுக்குக் கொஞ்சம் சேர்த்து, கீழே 6 கிலோ வரை கொடுக்கவேண்டியிருக்கும். வீரர்கள் 15 மீட்டர் ஹோஸ் இரண்டைச் சுமந்து, தீப்பிடித்த தளத்துக்கு ஒரு தளம் கீழே உள்ள வால்வில் மாட்டி, படிக்கட்டிலேயே தண்ணீர் ஏற்றிக்கொண்டு மேலே போவார்கள். புகைக்குள் நின்று வால்வைத் தேடக்கூடாது. வேறு தளத்தில் ஒரு வால்வு திறந்து கிடந்தாலும் மேலே அழுத்தம் விழுந்துவிடும்.

சோதனையில் சிக்கல் தந்ததும் அழுத்தம்தான். கீழிருந்து தள்ளியபோது 2 கிலோவுக்கு மேல் ஏறவில்லை. மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. பம்பை அடுத்து, தண்ணீரைத் தொட்டிக்குத் திரும்பவிடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வின் நாக்கில் வெல்டிங் கசடு சிக்கியிருந்தது. சுத்தம் செய்தபின் 10 கிலோவில் 2 மணி நேரம் நிறுத்திப் பார்த்தோம், முள் இறங்கவில்லை.

உப்புக்காற்றை நினைத்து வால்வுகள் கன்மெட்டல் என்ற வெண்கல வகையில், ஹோஸ் பெட்டிகள் ஃபைபரில். விலை கூடுதல்தான், இரும்புப் பெட்டி இரண்டு மழைக்காலத்துக்குள் பொத்தலாகும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு வால்வுச் சக்கரத்தையும் திருப்பி மூடவேண்டும், இல்லையேல் இறுகிவிடும். ஹோஸ் இணைப்பின் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். அது இல்லாவிட்டால் தண்ணீர் தீயை விட வீரர் மேலேயே அதிகம் பீச்சும். பித்தளை மூடிகளைச் சங்கிலியில் கட்டியிருக்கிறோம், காரணம் சொல்லவேண்டியதில்லை.

ஒவ்வொரு தளத்திலும் 30 மீட்டர் ஹோஸ் ரீல் ஒன்று. அது விடுதி ஊழியர்களுக்கு. 101-ஐ அழைத்துவிட்டே அதைத் தொடவேண்டும்.

ஆடி அமாவாசைக்கு வரும் வேன்களை வாசல் இணைப்புக்கு முன்னும் சம்ப் மூடியின் மேலும் நிறுத்தவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி காவலாளியிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு